ஒரிஜினல் பெட்டியில் இருக்கிறது

ஊரில் பாதிப் பேர் வீட்டு டிவியைக் கருக்கிய அந்த ஐப்பசி மாதத்து இடி, மஹபூப் பாஷாவுக்கு மட்டும் உபகாரம் செய்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முன்னறையில் வீடியோ ஸ்டூடியோ, பின்கட்டில் குடித்தனம் என்று இருந்தவர் அவர். டெலிபோன் கம்பி வழியாக இறங்கிய இடி, ரூட்டரை மட்டும் எரித்துவிட்டுப் போனது. புது ரூட்டர் வாங்கி மாட்டினார். இன்டர்நெட் வந்துவிட்டது. ஆனால் ஊர்க் கல்யாணங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்த பெட்டி மட்டும் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை. வேறு ஒரு வீடியோக்காரர் என்றால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாஷா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு டீ குடித்தார்.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ரெண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவு இருக்கும். உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க். அதிலிருந்து ஒரு வயர் ரூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு வயர் அதே ரூட்டருக்கு வரும், கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு பெட்டிக்குள் இருப்பதைத் திறந்து பார்க்கலாம். பாஷாவின் மச்சினன் அன்வர் சென்னையிலிருந்து வாங்கி வந்து மாட்டிக்கொடுத்தது. "கேசட்டுலாம் பூஞ்சை புடிச்சிடும் மச்சான். இதுல போட்டீங்கன்னா பேரன் காலத்துக்கும் அழியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அழியாது என்பதுதான் இப்போது பாஷாவுக்கு வினையாகிவிட்டது. ஏனென்றால் அந்தப் பெட்டியில் இருப்பதைவிட, இல்லாதது ஒன்றுதான் அவருக்குப் பெரிய பிரச்சினை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஏரிப் பாசனத்தில் பத்து ஏக்கர் நெல் போடுகிற பஞ்சாட்சரத்தின் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம். பாஷாதான் வீடியோ. அவர்கள் வகையறா வீடுகளில் தாலிக்கு முன்னால் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். தங்கத் தகடு ஒரு விரல் அகலம்கூட இருக்காது, ஆனால் அதற்காகத்தான் மாமன் என்ற உறவே இருக்கிறது என்பதுபோல நடந்துகொள்வார்கள். பட்டம் கட்டுவதைக் கோட்டை விட்ட வீடியோக்காரனுக்கு அடுத்த கல்யாணத்தில் வெற்றிலை பாக்குக்கூட வராது. பாஷா கோட்டை விட்டார். மாப்பிள்ளை வீட்டு வாலிபர்கள் பேண்டு வாத்தியத்துக்கு ஆடிய ஆட்டத்தை விழுந்து விழுந்து எடுத்ததில் பேட்டரி காலி. ஒரு மூலை அறையில் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்து, எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது பட்டம் கட்டி முடிந்து, தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிடி போடும்போது அந்த இடத்தில் ரோஜா இதழ்களைக் கொட்டவிட்டு, ரெண்டு இதயங்களைச் சுழலவிட்டு ஒப்பேற்றிவிட்டார்.

வில்லங்கம் நடந்தது சரியாக அந்தக் கால் மணி நேரத்தில்தான். பெண்ணின் அம்மா வளர்மதிக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அண்ணன், தாமல் கிராமத்துச் சடையப்பன். பட்டம் கட்டும் உரிமை அவருடையது. தம்பி முனியன். அன்றைக்குப் பட்டம் கட்டியது முனியன். மைக்கில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், ஆளைக் காணோம், முகூர்த்தம் தாண்டுகிறதே என்று முனியனைக் கட்டச் சொன்னோம் என்றார் பஞ்சாட்சரம். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை, இருந்தும் இல்லாதவனாக்கி விட்டார்கள் என்றார் சடையப்பன். பந்தியில் உட்காராமல் குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டார். ஐந்நூறு பேர் மைக்கைக் கேட்டார்களே என்றால், அத்தனை பேரும் மச்சான் ஊர்க்காரர்கள்தானே என்றார். கூப்பிட்டிருந்தால் சிடியில் இருக்க வேண்டுமே, அதில் பூ கொட்டுகிறதே என்றார். 

அந்தக் கேள்வியோடு பஞ்சாட்சரம் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். பேட்டரி தீர்ந்துபோச்சுங்க என்று பாஷா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டு திட்டோடு போயிருக்கும். அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "நீளம் ஜாஸ்தி ஆவுதேன்னு எடிட்டிங்ல எடுத்துட்டேங்க. ஒரிஜினல் பத்திரமா பொட்டியில கீது" என்றார். பஞ்சாட்சரம் அதை ஊரெல்லாம் சொன்னார். சடையப்பன் காதுக்குப் போனதும், வெட்டச் சொன்னது யார் என்று அவர் அடுத்த கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. ஒரு பேட்டரிக்காக ஒரு குடும்பம் உடைந்துபோனதே என்று பாஷாவுக்கு உள்ளூர உறுத்தல்தான். ஆனாலும் யாராவது கேட்டால், 'ஒரிஜினல் கீது' என்று சொல்லிச் சொல்லி, சில நாள் காலையில் அவருக்கே அது இருப்பதுபோலத் தோன்றும்.

இப்போது சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம். கார்த்திகையில் முகூர்த்தம், இன்னும் பத்து நாள்கூட இல்லை. வளர்மதியும் பஞ்சாட்சரமும் தட்டில் பத்திரிகை வைத்துத் தாமலுக்குப் போனார்கள். சடையப்பன் தட்டைத் தொடவில்லை. "ஒரிஜினல் கீதுன்னு சொல்றீங்க இல்ல? அத நான் கண்ணால பாக்கணும். நீங்க கூப்ட்டது நெஜமா இருந்தா நானே சீர்வரிசையோட வரேன். இல்லன்னா முனியனையே வெச்சி முடிச்சிக்குங்க" என்று சொல்லி அனுப்பினார். வருகிற ஞாயிறு காலையில் ஸ்டூடியோவில் பார்ப்பது என்று முடிவாயிற்று. இதைச் சொல்ல பஞ்சாட்சரம் போன் செய்தபோதுதான் பாஷா இடி விழுந்த கதையை எடுத்துவிட்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாது பாய். ஞாயித்துக்கிழம பொட்டிய தொறந்து வை. எம் பொண்ணு கல்யாணம் உன் கையில கீது" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இடியை நம்பிப் பாஷா நிம்மதியாக இருந்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் பெட்டியைச் சரி செய்யக் கிளம்பும் என்று அவர் நினைக்கவில்லை. மனைவி சாய்ரா, வளர்மதி தன்னைக் கடைவீதியில் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு வந்து, உடனே தம்பி அன்வருக்குப் போன் போட்டாள். அன்வர் விஷயத்தை ரெண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு ஒரு நம்பரை அவன்தான் மாட்டிக்கொடுத்த அன்றைக்கே கையால் போட்டு வைத்திருந்தான். புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண் கொண்ட நம்பர் அது. பழைய ரூட்டர் கொடுப்பதில் மூன்றாவது எண் ஒன்று. புதிய ரூட்டரில் அது பூஜ்ஜியம். கம்ப்யூட்டர் புதிய ரூட்டரின் பேச்சைக் கேட்டுப் புதிய நம்பருக்கு மாறிவிட்டது. பெட்டி மாறவில்லை. "தெரு பேர மாத்தியாச்சுக்கா. பொட்டி மட்டும் பழைய விலாசத்துலயே ஒக்காந்துகினு கீது. போஸ்ட்மேனுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அதற்கு வழியும் சொன்னான். ரூட்டரை விட்டுவிட்டுப் பெட்டியின் வயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பழைய வரிசையிலேயே பெட்டிக்கு இல்லாத வேறு ஒரு நம்பரைக் கையால் போட வேண்டும். ரெண்டும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டால் பெட்டியின் பக்கம் திறக்கும். அதில் போய், இனிமேல் நம்பரை ரூட்டரே கொடுக்கட்டும் என்று மாற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்குக் கையால் போட்டதையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி ரூட்டரில் சொருகினால் வேலை முடிந்தது.

"இவ்ளோதானா? நான் பண்ணிட்றேன்" என்று பாஷா சனிக்கிழமை பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி வரவே இல்லை. வராமல் இருக்க வேண்டிய எல்லாவற்றையும் பொறுப்பாகச் செய்திருந்தார். "இன்னாதான் பண்ணாலும் வரலடா" என்று அன்வரிடம் சலித்துக்கொண்டார். அவ்வளவு அக்கறையாக அவர் வேறு எந்த வேலையும் செய்து சாய்ரா பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே சடையப்பன் வந்து இறங்கிவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒன்றுமில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னறை நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எடிட்டிங் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பாஷா உதட்டைப் பிதுக்கி, "பொட்டி போயே போச்சுங்க. ரெண்டு நாளா போராடிக்கினு கீறேன், ஒரே பேஜாரு" என்று ஆரம்பித்தார்.

"எழுந்திருங்க, நான் பாக்குறேன்" என்று சாய்ரா காதில் போனோடு உள்ளே வந்தாள். அன்வர் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த நம்பரைப் படித்துக் காட்டினாள்.

"ஐயோ அக்கா, அது பொட்டியோட நம்பராச்சே! அதையே கம்ப்யூட்டருக்கும் போட்டா ரெண்டும் எப்படிப் பேசும்? மச்சானுக்கு ஒயுங்கா சொன்னேனே!"

சாய்ரா புருஷனைப் பார்த்தாள். பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். வயர் சொருகினது மாதிரி இருந்தது, சொருகவில்லை. அவள் நிமிர்ந்தபோது பாஷாவின் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அவரை அறையின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் அவள் காதோடு காதாகக் கேட்டாள்.

"இன்னா இது?"

"அதுல ஒண்ணும் இல்ல சாய்ரா. அன்னிக்கி நான் எடுக்கவேயில்ல. பேட்டரி தீந்துபோச்சி."

"ரெண்டு வருஷமா கீது கீதுன்னீங்களே?"

"சொல்லிட்டேன். இப்ப இன்னா பண்றது?"

 "பொட்டிய நான் வரவெக்கிறேன். உங்க பொய்ய நீங்க பாத்துக்குங்க" என்று சாய்ரா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. நம்பரை மாற்றினாள், வயரை அழுத்திச் சொருகினாள், பெட்டியின் பக்கம் திறந்தது, அதில் மாற்ற வேண்டியதை மாற்றினாள், கம்ப்யூட்டருக்குப் போட்ட நம்பரையும் எடுத்தாள், வயர்களைத் திரும்பவும் ரூட்டருக்குக் கொண்டுபோனாள். கம்ப்யூட்டரில் ரெண்டு வருஷக் கல்யாணங்களும் வரிசையாக வந்து நின்றன. "வந்துடிச்சி!" என்று அவள் சொன்ன சந்தோஷத்தில் பாஷாவுக்கு வேர்த்துவிட்டது. சடையப்பன் எழுந்து உள்ளே வந்தார். வாசலில் பஞ்சாட்சரமும் வளர்மதியும் வண்டியில் வந்து இறங்குவது கேட்டது. "அவங்க அங்கயே இருக்கட்டும். மொதல்ல நான் மட்டும் பாக்கணும்" என்றார் சடையப்பன். சாய்ரா முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பாஷா தன் கேமராவில் எடுத்ததைத் திறந்தார். வாலிபர்கள் ஆடினார்கள், ஆடினார்கள், ஆடிக்கொண்டே இருந்தார்கள். சட்டென்று தாலித் தட்டு வந்தது. சடையப்பன் மெதுவாகச் சிரித்தார்.

"அப்ப ஒரிஜினல்லயும் நான் இல்ல."

"அது வந்துங்க..." என்று பாஷா இழுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேவிட்டார். அதற்குள் சடையப்பன் திரையில் விரலை வைத்தார்.

"இது இன்னா, ரெண்டாவதா ஒண்ணு கீதே?"

பாஷாவுக்கே அது மறந்துபோயிருந்தது. ரெண்டு கேமரா வைக்கிறோம் என்று கல்யாண வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொள்வதற்காக, ஒரு பழைய கேமராவை மண்டபத்தின் கடைசி வரிசையில் ஸ்டாண்டில் நிறுத்தி மின்சாரத்தில் போட்டு ஓடவிட்டுவிடுவது அவர் வழக்கம். அது எடுப்பதை இதுவரை எந்தக் குடும்பமும் பார்த்ததில்லை. பாஷாவும் பார்த்ததில்லை. கடமைக்குப் பெட்டியில் ஏற்றி வைப்பார், அவ்வளவுதான். அதைத் திறந்து, பட்டம் கட்டும் நேரத்துக்குத் தள்ளினார்.

மேடை எங்கேயோ தூரத்தில் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. கேமராவுக்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நியூஸ்பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். பேப்பருக்குப் பக்கவாட்டில் பாதி மீசை தெரிந்தது. அது சடையப்பனின் மீசை.

மைக் அலறியது. "பொண்ணுக்குத் தாய்மாமன் தாமல் சடையப்பன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!"

பேப்பர் அசையவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், "ஒன்னத்தாம்பா கூப்டுறாங்க" என்றார்.

"கேக்குது, கேக்குது. மைக்குல கூப்ட்டா ஓடுறதுக்கு நான் இன்னா சமையல்காரனா? ஆள் வந்து கையப் புடிச்சி இட்டுகினு போவட்டும்."

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து எங்கேயோ போனார். மைக் ரெண்டாவது முறை கூப்பிட்டது. மூன்றாவது முறையும் கூப்பிட்டது. பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே போனது. மேடையிலிருந்து பட்டுப் புடவைக்காரி ஒருத்தி இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வளர்மதி. கடைசி வரிசைவரைக்கும் வந்தாள். பேப்பரைப் பிடித்திருந்த கையைப் பார்த்து அண்ணன்தான் என்று தெரிந்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பின்பக்கமாக வந்து, தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

அப்போது சடையப்பன் தனக்குத்தானே, பேப்பரைப் பார்த்துச் சொன்னார். பக்கத்திலேயே கேமரா இருந்ததால் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

"வரட்டும். வந்தா மட்டும் போயிடுவேனா நானு? அத்தினி பேருக்கு முன்னாடி கால்ல வுழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்."

நீட்டின கை தோளுக்கு மேலே அப்படியே நின்றது. தொடாமல் திரும்பியது. வளர்மதி கொஞ்ச நேரம் அங்கேயே, அண்ணனுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பி, அண்ணன் இங்கே இல்லை என்று ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு மைக் முனியனைக் கூப்பிட்டது.

பாஷா நிறுத்தினார். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தபா போடு பாய்" என்றார் சடையப்பன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. பாஷா போட்டார். கை நீட்டுகிற இடம் வந்ததும் சடையப்பன் தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் வந்தது அவருக்கு இத்தனை நாளும் தெரியாது. தெரிந்துகொண்டே அவள் ரெண்டு வருஷம் வாய் திறக்காமல், கூப்பிடாத தங்கை என்ற பேரோடு இருந்திருக்கிறாள் என்பது இப்போது தெரிந்தது.

"பாய். பொட்டி வரலன்னு சொல்லிடு."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. அந்த எடத்த நான் வெட்டல..."

"வரலன்னு சொல்லிடு பாய். உனக்குப் புண்ணியமா போவும்" என்று சடையப்பன் கும்பிட்டார். தாமலில் அந்த மனுஷன் கோயிலைத் தவிர வேறு எங்கேயும் கையெடுத்துக் கும்பிட்டதாகப் பேச்சில்லை.

கதவைத் திறந்துகொண்டு ரெண்டு பேரும் வந்தார்கள். "வரல. பொட்டி செத்துப்போச்சி" என்றார் சடையப்பன். சாய்ரா டீத் தட்டோடு அப்படியே நின்றாள். பஞ்சாட்சரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பாஷாவின் பக்கம் திரும்புவதற்குள் வளர்மதி முந்திக்கொண்டாள்.

"போவட்டும் வுடுண்ணா. அத பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா? மைக்குல கூப்ட்டுட்டு நாங்க சும்மா இருந்திருக்கக் கூடாது. ஆள் வந்து கையப் புடிச்சி இட்டுகினு போயிருக்கணும். தப்பு எங்க மேலதான்."

 சடையப்பன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால், துண்டை வாயில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.

"கூப்ட்டீங்கம்மா. மூணு தபா கூப்ட்டீங்க. எனக்குக் கேட்டுச்சி. வீம்புக்குத்தான் ஒக்காந்துகினு இருந்தேன்."

வளர்மதி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற பாஷாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில நாஷ்டாகூட துன்னாம வந்துட்டியா? வா, வூட்டுக்குப் போவலாம்" என்றாள். அவரும் சின்னப்பிள்ளை மாதிரி அவள் கையோடு படி இறங்கினார்.  தான் உடைத்த குடும்பம் தன் கண் முன்னாலேயே ஒட்டிக்கொண்டதில், பாஷாவுக்கு அழலாமா சிரிக்கலாமா என்று இருந்தது.

பஞ்சாட்சரம் மட்டும் போகவில்லை. மச்சான் வாயாலேயே உண்மை வந்த சந்தோஷம் ஒரு பக்கம், ரெண்டு வருஷக் கோபம் ஒரு பக்கம். சந்தோஷத்தை மச்சானுக்கு வைத்துக்கொண்டு, கோபத்தைப் பாஷாவுக்கு எடுத்தார்.

"பாத்தியா பாய்? பொட்டியும் வாணாம், வீடியோவும் வாணாம், மனுஷன் மனசு வெச்சா போதும். ரெண்டு வருஷமா 'கீது, கீது'ன்னு என்ன நம்ப வெச்ச இல்ல? ஊர் பூரா நான் சொல்லிக்கினு திரிஞ்சேன். கேமராவ தூக்கிக்கினு எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்துடாத. இப்பவாச்சும் நெஜத்த சொல்லு. அந்தப் பொட்டியில அது இருந்துச்சா, இல்லயா?"

உள்ளறையில் திரை இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. பாதி திறந்திருந்த கதவு வழியாக, நீட்டின கையோடு நின்ற வளர்மதி தெரிந்தாள். சாய்ரா நகர்ந்துபோய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். வெளியே வண்டிப் பக்கத்தில் தங்கையின் கையைப் பிடித்தபடி நின்ற சடையப்பன், பதிலுக்காக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மஹபூப் பாஷாவுக்கு அன்றைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இன்றைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்லைங்க" என்றார். "பொட்டியில ஒண்ணுமே இல்லைங்க."